ஒடியன் வாழ்ந்த குடிசை
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேச வருவோருக்குத் திருக்குறளும் சிலம்பும் கம்பன் கவியும் தலைப்பாகக் கிடைப்பது வழக்கம். எனக்கு வாய்த்த தலைப்போ ‘சூனியக் குடும்பங்கள்’ என்பது. அழைப்பிதழைக் கண்டு சிலர் நகைத்தனர் என்று கேள்விப்பட்டேன். நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இக்காலனியில் வாழும் குடும்பங்களிற் பாதி பாலக்காட்டு எல்லையினின்றும், பாதி இடுக்கி மலைத் தோட்டங்களினின்றும் வந்து சேர்ந்தவை. இவ்விரு வட்டாரத்தாரும் பிள்ளைப் பருவத்தில் விளக்கணைந்த பின் பாட்டி சொல்லக் கேட்ட கதைகளில் ஒரு சூனியக்காரனேனும் வாராமல் இரான். பாலக்காட்டார்க்கு அவன் பெயர் ஒடியன். ஆகவே ஒடியனைப் பற்றியே முதலிற் பேசுகிறேன். குழந்தைகள் அஞ்ச வேண்டா. இக்கதையில் அஞ்சவேண்டியவர் யார் என்பது போகப் போகத் தெரியும்.

சித்தூர், கொல்லங்கோடு, ஆலத்தூர், மண்ணார்க்காடு ஆகிய பக்கங்களில் வயல்வெளி அகன்று கிடக்கும். வரப்பு நெடுகப் பனைகள் நிற்கும். நிலவில்லாத இரவில் தனித்து வரும் வழிப்போக்கன் முன்னே ஓர் எருது தென்படும். உற்று நோக்கினால் அதற்கு வாலிராது. அல்லது மூன்று காலே இருக்கும். அதுவே ஒடியன். மாயத்தால் விலங்குருக் கொண்டவனுக்கு ஏதேனும் ஓர் உறுப்புக் குறைந்தே தீரும் என்பது கதை வகுத்த விதி. எருது, எருமை, நாய் என்று எவ்வுருவும் அவனுக்குக் கூடும். காதின் பின்னே மை தடவிக்கொள்வான். பகைவனின் வீட்டை வலம் வருவான். உறங்குகின்றவன் தானே எழுந்து வெளியே வருவான். ஒடியன் கையிலுள்ள சுள்ளியை ஒடிப்பான். அங்கே வந்தவனின் கழுத்து ஒடியும். ஒடித்தல் என்னும் வினை நம் தமிழிலும் அப்படியே இருத்தலின், அப்பெயருக்குப் பொருள் கூற நமக்கு எவரும் வேண்டுவதில்லை.

இவ்வித்தை ஒருவன் தனித்துக் கற்பதன்று என்பார்கள். தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும் வழிவழியாகக் கொடுப்பது. ஆகவே ஒருவனை ஒடியன் என்றால், அவன் குடும்பம் முழுவதும் ஒடியக் குடும்பம். அவன் மனைவி கிணற்றங்கரைக்கு வந்தால் மற்றப் பெண்டிர் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவர். அவன் பிள்ளை அறியாச் சிறுவனாயினும் நாளைய ஒடியன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கதையில் எருதைப் பற்றிப் பத்து வாக்கியம் வரும். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் வராது.

பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு செல்லும் சாலையில் வடக்கே நோக்கினால் கல்லடிக்கோட்டு மலை நிமிர்ந்து நிற்கும். அம்மலையில் உறையும் நீலி என்னும் தெய்வமே மந்திரவாதிகள் பலருக்கு உபாசனா மூர்த்தி என்பது மலையாள நாட்டு நம்பிக்கை. நீலி நமக்குப் புதியவள் அல்லள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் எழுபது வேளாளரின் உயிர்த்தியாகத்திற்குக் காரணமானவள் ஒரு நீலி. நாகர்கோயிற் பக்கத்துப் பஞ்சவன்காட்டில் வழிமறித்தவள் இன்னொரு நீலி. மலையைக் கடந்து வந்த தமிழனுக்கு மலையாள நாட்டுப் பேய்களும் உறவுக்காரிகளே. வேடிக்கை என்னவெனில், நம் தமிழ்நாட்டு ஊர்களிலோ ‘மலையாள மாந்திரீகம்’ என்று பலகை எழுதி மாட்டினால்தான் கூட்டம் சேர்கிறது. கோயம்புத்தூர்க்காரருக்குச் சூனியம் வாளையாற்றுக்கு மேற்கே இருக்கிறது. எவர்க்கும் தம் ஊரில் அது விளைவதாகத் தோன்றுவதில்லை.

இனி, ஏடுகளைச் சிறிது பார்ப்போம். இவ்வொடி வித்தையைப் பற்றிக் கேட்டறிந்து எழுதிவைத்தோருள் முதன்மையானவர் நம்மவர் ஒருவர். 1861-இல் பாலக்காட்டு வட்டாரத்திற் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர், பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பின்னர்க் கொச்சி நாட்டுக் குலங்களையும் சாதிகளையும் குறித்து 1909-லும் 1912-லும் இரு தொகுதிகள் வெளியிட்டு, இந்திய மானிடவியலின் முன்னோடி எனப் பெயர் பெற்றவர். சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் இச்செய்தி உண்டு. இருவர் நூலிலும் ஒடி வித்தை பெரிதும் பறையர் குலத்தாரோடு சேர்த்தே பேசப்படுகிறது. கருப்பிணிப் பெண்ணின் கருவைக் கவர்ந்து அதிலிருந்து மந்திரத் தைலம் வடிக்கிறார்கள் என்பது அவர்கள்மேல் ஊரார் சுமத்திய பழி. தாய்மார் கூடிய அவையில் இதற்குமேல் விரித்துரைக்க நான் விரும்பவில்லை.

அதே காலத்தில் கோட்டயத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி என்பார் ‘ஐதிகமாலை’ என்னும் கதைத் திரட்டை எழுதிவந்தார். 1909-இல் தொடங்கி எட்டுத் தொகுதிகளாக அது வெளிவந்தது. மலையாள நாட்டு வீடுகளில் இன்றும் விரும்பிப் படிக்கப்படும் நூல். அதிலும் மந்திரவாதிகளுக்குக் குறைவில்லை. சூரியகாலடி மனையைச் சேர்ந்த பட்டதிரி வருகிறார். யட்சிகளை அடக்கிய கடமற்றத்துக் கத்தனார் வருகிறார். ஆனால் இவர்கள் வரும் தோரணையே வேறு. பட்டதிரியின் வீட்டுக்குப் பல்லக்கு அனுப்பப்படுகிறது. அவர் ஏவலை எடுத்தால் அரசர் பொன் கொடுக்கிறார். அவருடைய குடும்பத்துக்குப் பெயர் ‘மனை’.

பாலக்காட்டு வழியாய் ஓடும் பாரதப்புழை கடலிற் கலக்கும் பொன்னானிப் பக்கத்திலும் அத்தகைய மனை ஒன்று உண்டு; காட்டுமாடம் என்பது அதன் பெயர். மந்திரவாதத்திற்குப் பேர்போன அக்குடும்பத்தில் தோன்றிய காட்டுமாடம் நாராயணன், நாடகத்திலும் இலக்கியத் திறனாய்விலும் பெயர்பெற்று, மந்திரவாதத்தை மனநூலோடு இணைத்து ஆராய்ந்து ஒரு நூலும் எழுதினார். தன் குடும்பத்தாரின் வித்தையைத் தானே ஆராய்ந்து எழுதும் நிலை அவருக்கு வாய்த்தது. ஒடியன் குடிசையிற் பிறந்த எவருக்கும் அந்நாளில் அவ்வாய்ப்பு இல்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவர்களுக்கு அஞ்சியவர்கள் சொன்னவையே.

மனையிலிருந்தால் மந்திரவாதி, குடிசையிலிருந்தால் ஒடியன். முன்னவன் கொடுத்தது தகட்டுக்கும் நூலுக்கும் தட்சிணை உண்டு. பின்னவன்மேல் ஐயம் விழுந்தாலே மரத்தில் கட்டி அடி உண்டு. ஒடியன் கதைகளிற் பல அவன் பிடிபட்டு அடிபட்டு மாள்வதோடுதான் முடிகின்றன. இன்னும் ஒன்று. பல கதைகளில் ஒடியன் தன் பகைக்காக எவரையும் கொல்வதில்லை. நிலக்கிழார் ஒருவர் தம் பங்காளியைத் தீர்த்துவிடும்படி அவனை ஏவுகிறார். ஏவியவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். கதை அவரை விட்டுவிட்டு வரப்பில் நிற்கும் எருதைத் துரத்துகிறது. துப்பறியும் கதை எழுதுவோர் எவரேனும் இவ்வவையில் இருந்தால், இதைக் காட்டிலும் நல்ல கரு அவர்களுக்குக் கிடையாது.

இரவில் வயல்வெளியில் நடந்தவர் யார் என்பதை இப்போது கேட்போம். மலையாள நாட்டில் தீண்டாமை மட்டுமன்று, நெருங்காமையும் இருந்தது. இன்ன சாதியார் இத்தனை அடித் தொலைவில் விலகி நிற்க வேண்டும் என்று அளவு வகுத்திருந்தனர். மேற்சாதியார் நடக்கும் பாதையில் மற்றவர் வர நேர்ந்தால் தொலைவிலிருந்தே குரல் கொடுத்துத் தம் வரவை அறிவிக்க வேண்டியிருந்தது. பாலக்காட்டில் இதில் நம் தமிழர்க்கும் பங்குண்டு என்பதை மறைப்பது முறையன்று. கல்பாத்தியில் தேர் ஓடும் தெரு தமிழ் அக்கிரகாரத் தெரு. 1924-ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாவில் அத்தெருவில் நடக்க முற்பட்ட ஈழவர்கள் தடுத்துத் தாக்கப்பட்டனர். அவ்வாண்டுதான் தெற்கே வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்டார். ஈழவர்க்கே தெரு இல்லை என்றால், அவர்க்கும் கீழாக வைக்கப்பட்டிருந்த பறையர்க்குப் பகலில் எந்தப் பாதை இருந்திருக்கும்? பகல் மறுக்கப்பட்டவனுக்கு இரவே எஞ்சியது. இறந்த மாட்டை அப்புறப்படுத்தித் தோலுரிப்பதும் அவன்மேல் சுமத்தப்பட்ட தொழில். உரித்த தோலைத் தலையிலிட்டுக்கொண்டு இருட்டில் வரப்பின்மேல் ஒருவன் வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். நாலு முழத் தொலைவில் அது வாலற்ற எருதாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

அவ்விருட்டில் நிகழ்ந்திருக்கக் கூடியதொன்றை என் மனத்திற்பட்டபடி சொல்கிறேன். இது ஏட்டில் உள்ளதன்று. காரணவர் ஒருவர் அயலூர் விருந்தில் வயிறார உண்டு தனியே திரும்புகிறார். வயது அறுபதுக்கு மேல். வரப்பில் எதிரே கருத்த உருவம் ஒன்று வருகிறது. ஒடியன் என்ற எண்ணம் தோன்றியவுடனே நெஞ்சு அடைக்கிறது, சேற்றில் சாய்கிறார். தோற்சுமை கொண்டு வந்தவன் பதறிச் சுமையை எறிகிறான். தொட்டுத் தூக்கலாகாது; தூக்கினால் தீட்டு, தூக்காவிட்டால் சாவு. ஊர்ப்பக்கம் ஓடி, விதித்த தொலைவிலேயே நின்று உரக்கக் கூவுகிறான். வீட்டிலிருந்தோர் இருட்டில் ஒரு கூவலைக் கேட்கிறார்கள். கதவை இறுகத் தாழிடுகிறார்கள். விடிந்ததும் வரப்பில் பிணமும், அருகே எருதின் தோலும் கிடக்கின்றன. அன்று மாலை ஊரார் எந்தக் குடிசைக்குச் சென்றிருப்பார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இப்படியும் நடக்குமா என்று வினவுவோர்க்குக் கடல் கடந்த நாட்டில் நீதிமன்ற ஏட்டிலேயே ஒரு விடை உண்டு. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த பெண்டில் மலைப்பக்கத்தில் 1612-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அலிசன் டிவைஸ் என்னும் ஏழைப்பெண் வழியிற் சென்ற நடைவியாபாரி ஒருவரிடம் குண்டூசி கேட்டாள். அவர் கொடுக்க மறுத்துச் சென்றார், சற்றுத் தொலைவில் விழுந்தார், பேச்சுக் குழறியது, உடலின் ஒருபுறம் செயலற்றது. பாரிசவாதம் என்று இன்று எந்த மருத்துவ மாணவனும் சொல்லுவான். அன்று சூனியம் என்றார்கள். அந்தப் பெண்ணே அஞ்சித் தன்னால்தான் என்று ஒப்புக்கொண்டாள். அவள் பாட்டி மருந்தும் மந்திரமும் பார்த்துப் பிழைத்த கிழவி. ஆகவே குடும்பம் முழுவதும் பிடிபட்டது. பாட்டி சிறையிலேயே இறந்தாள். ஆகஸ்டு மாதத்தில் நடந்த விசாரணையில் முதன்மைச் சாட்சியாக மேசைமேல் ஏற்றி நிறுத்தப்பட்டவள், ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுமியான ஜெனட். அலிசனின் தங்கை. அக்குழந்தை தன் தாய்க்கும் அண்ணனுக்கும் எதிராகச் சாட்சி சொன்னது. தாய், அண்ணன், அக்காள் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு லங்காஸ்டரில் அன்று தூக்கிலிடப்பட்டோர் மொத்தம் பதின்மர். விசாரணையை நீதிமன்ற எழுத்தரே மறுவருடம் நூலாக வெளியிட்டார். ஆதலால் இவையெல்லாம் நமக்குத் தெரிகின்றன. குழந்தைகளின் கொழுப்பிலிருந்து சூனியக்காரிகள் தைலம் வடிக்கிறார்கள் என்ற பழியும் ஐரோப்பாவில் வழங்கிற்று. பாலக்காட்டுத் தைலக் கதையை அவர்கள் கேட்டிருக்க வழியில்லை. அவர்கள் கதையை இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏழையின் மேல் ஏற்றுவதற்கு எந்நாட்டாருக்கும் ஒரே பழிதான் அகப்படுகிறது.

நம் ஊருக்குத் திரும்புவோம். மின்விளக்கு வந்ததும் ஒடியன் மறைந்தான் என்று பாலக்காட்டு முதியோர் சொல்வதுண்டு. இதில் இடுக்கியிலிருந்து வந்தோர் சற்றே பெருமை கொள்ளலாம். இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940-இல் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்காக மலையேறி வந்த தமிழ் உழைப்பாளிகள் வாழ்ந்த மலை அது. பாலக்காட்டில் மலம்புழை அணையை 1955-இல் திறந்துவைத்தவர் அந்நாளைய சென்னை முதலமைச்சர் காமராசர். நீர் வந்தது, ஒளி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. தெருக்கள் எல்லார்க்கும் திறந்தன. வரப்பில் வந்த எருதுக்கு நான்கு காலும் வாலும் இருப்பது விளக்கொளியிற் தெரிந்தது. இன்று ஒடியன் திரைப்படத்தில்தான் வருகிறான்; 2018-இல் வந்த மலையாளப் படத்தில் மோகன்லால் அவ்வேடம் பூண்டார். அதைக் கண்டு எவரும் வாசலைத் தாழிடவில்லை.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அதே 2018-ஆம் ஆண்டில், இடுக்கி மாவட்டத்தில், தொடுபுழைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில், பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று கொன்று புதைக்கப்பட்டது. அவ்வீட்டுத் தலைவர் மந்திரவாதம் செய்பவர் என்று ஊரில் பெயர். அவரைக் கொன்றால் அவருடைய சக்தி தனக்கு வந்து சேரும் என்று அவரிடம் பழகிய ஒருவரே நம்பினார் என்பது காவல் துறையினர் சொன்ன காரணம். மின்விளக்கு இல்லாத வீடா அது? கையிலுள்ள செல்பேசியில் உலகமே தெரியும் காலம் அல்லவா? மந்திரம் வல்லவர் என்று பெயரெடுத்த குடும்பத்தை அப்பெயரே கொன்றது. அதில் மாண்டவரில் இருவர் பிள்ளைகள். கிணற்றங்கரையில் விலகி நின்றார்களே, அந்த ஒடியன் குடிசைப் பிள்ளையை நான் ஏன் நினைவில் வைக்கச் சொன்னேன் என்பது இப்போது புலனாகும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சூனியக்காரி என்று பெண்ணைக் குறிப்பதையே குற்றமாக்கிப் பீகார் 1999-இல் சட்டம் இயற்றியது. மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராக நெடுங்காலம் உழைத்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே அங்குச் சட்டம் பிறந்தது. கருநாடகம் 2017-இல் ஒன்றை இயற்றியது. கேரளத்தில் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-இல் ஒரு வரைவை அளித்தது; ஆயினும் அதைச் சட்டமாக்குவதில்லை என முடிவு செய்திருப்பதாக அரசு 2025-இல் உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. வழிபாட்டுக்கும் சூனியத்துக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பது எளிதில் தீராத வழக்கு என்பதை ஒப்புகிறேன். ஆனால் பிறர்மேல் சூனியப் பழி சுமத்துவதைக் குற்றம் என்பதற்கு அவ்வளவு பெரிய ஆராய்ச்சி வேண்டுமா என்பது என் ஐயம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலோ, பசு பால் மறுத்தாலோ, கண்கள் எல்லாம் லயத்தின் கடைசி வீட்டை நோக்கித் திரும்பும். அங்கே பெரும்பாலும் இருப்பவள் கணவனை இழந்தவள், சண்டைக்கு நிற்கும் வாய் உடையவள், பச்சிலை தெரிந்தவள். காலனிக்கு வந்த பின்பும் அந்தக் கடைசி வீடு நம்மோடு வந்திருக்கிறது. ‘செய்வினைக்காரி’ என்ற சொல் தண்ணீர்க் குழாயடியில் மெல்லத் தொடங்குகிறது. பெரியவர்கள் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் பள்ளியில் அவள் பேரனோடு ஒரே பெஞ்சில் அமர மறுக்கின்றனர். சங்கத்தின் மாதர் பிரிவினர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சலெனில் அரசு மருத்துவமனைக்கு, பாம்பு தீண்டினால் ஒரு நாழிகையும் தாமதியாமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு. பசுவுக்கெனில் கால்நடை மருத்துவரிடத்து. மந்திரிக்கச் சென்று கழித்த நேரத்தில் போன உயிர்களை ‘ஏவலால் போயிற்று’ என்று கணக்கெழுதி, அக்கணக்கைக் கடைசி வீட்டின் தலையில் கட்டிவிடுகிறோம்.

இதனால் ஒடியன் கதையைச் சொல்ல வேண்டா என்று நான் கூறவில்லை. நன்றாகச் சொல்லுங்கள், அதைக் கேட்டு நடுங்கிப் போர்வைக்குள் புகும் இன்பம் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். ஒன்றே ஒன்று. எருது வரப்பில் மறைந்த பின் கதையை நிறுத்திவிடாதீர்கள். அது எந்தக் குடிசைக்குத் திரும்பியது, அங்கே விழித்திருந்தவர் யார், மறுநாள் காலை அடுப்பில் கஞ்சி இருந்ததா என்று பிள்ளைகள் கேட்கட்டும். பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் வந்துள்ள முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அறிந்த ஒடியன், நீலி, மோகினி கதைகளைச் சங்கத்து இளைஞர்கள் கேட்டு எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு மலரில் நாலு பக்கம் அதற்கு ஒதுக்குவதாகச் செயலாளர் அவர்கள் மேடைக்கு வருமுன் என்னிடம் சொன்னார்கள். சொன்னதை அவையோர் முன்னிலையில் பதிவு செய்துவிட்டேன்; இனி அவர்கள் மறுக்க வழியில்லை.

நேரம் கடந்துவிட்டது. நாடகம் காணக் காத்திருக்கும் குழந்தைகள் என்னை எருதைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றனர்.